பஞ்சைத் தின்ன முடியுமா?

கரிசல் காட்டுப் பழைய வீடுகளில் குலுக்கை என்று ஒன்று இருக்கும். ஆள் உயரத்துக்கு மேல் மண்ணால் வனைந்து எழுப்பிய குதிர். மேல்வாய் வழியாகக் கம்போ சோளமோ குதிரைவாலியோ கொட்டி மூடிவிடுவார்கள். அடியில் ஒரு சின்னத் துவாரம். அடைப்பை எடுத்தால் வேண்டிய அளவு தானியம் கொட்டும். அதே வீட்டில் மாசி, பங்குனியில் இன்னொரு சரக்கும் குவிந்து கிடக்கும்: பருத்தி. அதற்குக் குலுக்கை கிடையாது. பாதி வீட்டை அடைத்துக்கொண்டு, எலிக்கும் தீக்கும் பயந்து, வியாபாரி எப்போது வருவார் என்று காத்துக் கிடக்கும்.

உணவுப் பயிர், பணப் பயிர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். நெல் உணவுப் பயிர், பருத்தி பணப் பயிர், இரண்டு மதிப்பெண், முடிந்தது. ஆனால் அந்த வித்தியாசத்தின் முழு அர்த்தமும் இந்தக் குலுக்கையில்தான் இருக்கிறது. கம்புக்கு விலை விழுந்தால் விற்காமல் வைத்துக்கொள்ளலாம். கூழ் காய்ச்சலாம், கூலியாக அளக்கலாம், வருகிற புரட்டாசிக்கு விதைக்கலாம். பருத்திக்கு விலை விழுந்தால் என்ன செய்வது? பஞ்சைத் தின்ன முடியாது. கேட்ட விலைக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

(மதுரைக்காரர்கள் உடனே பருத்திப்பாலை நினைவூட்டுவார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது கொட்டை செய்கிற உபகாரம், பஞ்சு செய்வதல்ல. அதை மட்டும் குடித்து எந்தக் குடும்பமும் வருஷத்தை ஓட்டியதில்லை.)

இந்த ஒரு வித்தியாசத்தைக் கையில் பிடித்துக்கொண்டால் விவசாய வரலாற்றிலும் வணிக வரலாற்றிலும் நிறையத் தூரம் நடக்கலாம்.

மரக்கால் பேசிய காலம்

தானியம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முற்றும். எல்லார் கண்ணிலும் படும்படி களத்தில் குவியும். கெடாமல் ஒரு வருஷமாவது கிடக்கும். வரி வாங்குகிறவருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? கிழங்கை மண்ணுக்குள்ளேயே விட்டு வைத்து ஒளிக்கலாம். களத்து நெல்லை ஒளிக்க முடியாது. அரசனின் ஆள் தானியம் அளக்கும் மரக்காலோடு வந்து நின்றால் போதும். எகிப்தில் கோதுமையும் சீனத்தில் அரிசியும் காவிரிக் கரையில் நெல்லும் அரசாங்கத்தின் அடித்தளமாக இருந்ததற்கு ருசி காரணமில்லை. அளந்து எடுத்து, கொட்டி வைத்து, படை வீரர்களுக்கும் கோயிலுக்கும் பங்கு போடலாம் என்பதுதான் காரணம்.

சோழர் காலக் கணக்கில் 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், கோயிலுக்கென்று கொண்டுவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு (கோயிலில் ஆடும் பெண்கள்) ஆளுக்கு ஒரு பங்கு என்று எழுதியிருக்கிறது. ஒரு பங்கு என்றால் ஆண்டுக்கு 100 கலம் நெல். எந்த மரக்காலால் அளக்க வேண்டும் என்பதையும் விடவில்லை: 'ஆடவல்லான்' என்ற மரக்கால். சம்பளத்தைக் கல்லில் வெட்டுகிறவர்கள் அளக்கிற பாத்திரத்தின் பெயரையும் ஏன் வெட்ட வேண்டும்? மரக்கால் இடத்துக்கு இடம் மாறும். வாங்குவதற்குப் பெரியது, கொடுப்பதற்குச் சின்னது என்று இரண்டு வைத்துக்கொள்ள ஆள் எல்லாக் காலத்திலும் உண்டு.

நெல்லில் சம்பளம் வாங்குவதில் ஒரு நன்மையும் இருந்தது. சந்தையில் நெல் விலை ஏறினாலும் இறங்கினாலும் 100 கலம் 100 கலம்தான். வயிற்றுக்கு வந்து சேர்வது குறையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

தானியத்துக்கு ஒரு பெரிய குறை உண்டு. கனம் அதிகம், விலை குறைவு. நெல் மூட்டை ஏற்றிப் போகிற மாட்டுக்கும் தீனி வேண்டும், வண்டிக்காரருக்கும் சோறு வேண்டும். ரொம்ப தூரம் போனால் சரக்கின் விலையை வழியே தின்றுவிடும். தண்ணீர் வழியாக மட்டும்தான் தானியம் மலிவாக நகர்ந்தது. ரோம் நகரம் எகிப்துக் கோதுமையைச் சாப்பிட்டதும் கடல் இருந்ததால்தான். கடலோ ஆறோ இல்லாத இடத்தில், ஒரு சீமை பட்டினி கிடக்கும்போது நாலு நாள் பயண தூரத்தில் இன்னொரு சீமையில் நெல் விலையில்லாமல் கிடக்கும்.

துணியானால் கடல் தாண்டும்

பருத்தியின் கதை நேர் எதிர். பலூசிஸ்தானில் மெஹர்கர் என்ற இடத்தில் ஒரு செப்பு மணிக்குள் பருத்தி நூலின் மிச்சம் கிடைத்தது. சுமார் 7,000 ஆண்டுப் பழமை. அதே ஊர்க்காரர்கள் கோதுமையும் வாற்கோதுமையும் விதைத்தவர்கள். மொகஞ்சதாரோவில் ஒரு வெள்ளிப் பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு பருத்தித் துணி தப்பியிருந்தது. ஆக, இந்தத் துணைக்கண்டத்தில் தானியமும் பருத்தியும் ஏறக்குறைய கூடவே வளர்ந்த அண்ணன் தம்பி.

செடியிலிருந்து எடுத்த பருத்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு, மற்றது கொட்டை. கொட்டை நீக்க வேண்டும், வில்லால் அடிக்க வேண்டும், நூற்க வேண்டும், பாவு ஓட்ட வேண்டும், நெய்ய வேண்டும். ஒவ்வொரு கையும் படப்பட எடை குறையும், விலை ஏறும். பருத்தி மூட்டை பக்கத்துச் சந்தைவரை போகும். அதே பஞ்சு மெல்லிய துணியானால் கப்பலேறும். இந்தக் கைகளில் பாதிக்கு மேல் பெண்களின் கைகள். நூற்கிற பெண்ணைச் சங்கப் பாடல்கள் 'பருத்திப் பெண்டு' என்கின்றன. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய கடல்வழிக் குறிப்பில் 'அர்கரு' என்ற ஊரின் மெல்லிய துணி வருகிறது. அது உறையூர் என்பது பெரும்பாலோர் முடிவு. எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரனிகேயில் தோண்டியபோது மிளகோடு இந்தியப் பருத்தித் துணியும் கிடைத்தது.

ஐரோப்பியர் இந்தப் பக்கம் வந்தது மிளகுக்கும் கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும். வந்த பிறகுதான் ஒன்று புரிந்தது. வாசனைப் பொருள் விளையும் கிழக்குத் தீவுகளில் வெள்ளிக் காசைவிடச் சோழமண்டலக் கரைத் துணிக்கு மதிப்பு அதிகம். துணியைக் கொடுத்தால் கிராம்பு கிடைக்கும். அப்புறம்தான் பழவேற்காட்டில் டச்சுக்காரர் கோட்டை கட்டியதும், 1639இல் ஆங்கிலேயர் சென்னைக் கடற்கரையில் இடம் வாங்கியதும். துறைமுகமே இல்லாத, அலை புரட்டிப் போடுகிற அந்த மணல்கரையைத் தேர்ந்ததற்கு முக்கியக் காரணம், அங்கே துணி மலிவாகக் கிடைக்கும் என்ற கணக்கு.

ஏன் மலிவு? நெசவாளர் வயிற்றைக் கட்டி வேலை செய்தார், அதனால் மலிவு என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வரலாற்றாளர் பிரசன்னன் பார்த்தசாரதி 1990களில் இதை மறுத்தார். 18ஆம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளரின் கூலியைக் காசாகப் பார்த்தால் குறைவு; அந்தக் காசுக்கு எவ்வளவு தானியம் கிடைத்தது என்று பார்த்தால் அன்றைய ஆங்கிலேயத் தொழிலாளிக்கு அவர் சளைத்தவரில்லை என்பது பார்த்தசாரதியின் வாதம். இங்கே நஞ்சையில் நெல் அமோகமாக விளைந்தது, சோறு மலிவு. சோறு மலிவானதால் கூலி குறைவு, கூலி குறைந்ததால் துணி மலிவு. எல்லா வரலாற்றாளரும் இதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். எனக்கு இது மிகப் பிடித்த வாதம், ஏனென்றால் உலகச் சந்தையை வென்ற துணிக்குப் பின்னால் ஒரு சோற்றுப் பானையைக் காட்டுகிறது.

வென்றது சும்மா இல்லை. இந்திய அச்சுத் துணி தங்கள் நெசவாளர் பிழைப்பைக் கெடுக்கிறது என்று பிரிட்டன் 1700இல் அதன் இறக்குமதியைத் தடுத்துச் சட்டம் போட்டது. 1721இல் உடுத்துவதையே தடுத்தது. ஆனால் மறு ஏற்றுமதிக்குத் தடையில்லை. நம் கரையில் நெய்த துணி லண்டன் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய், அங்கே மனிதர்களை வாங்கும் விலையில் ஒரு பகுதியானது. சாயத்தொட்டியில் கை நனைத்தவருக்கு அது எங்கே போய்ச் சேருகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை.

மான்செஸ்டரின் ரொட்டிக் கணக்கு

18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்தில் நூற்கும் இயந்திரங்கள் வந்தன. 1793இல் அமெரிக்காவில் எலி விட்னி கொட்டை நீக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். வேலை சுலபமானதால் அடிமைகளின் சுமை குறைந்திருக்கும் என்று நினைத்தால் தப்பு. பருத்தி லாபமான பயிராகிவிட்டது. தெற்கு மாநிலங்களில் அடிமை முறை இன்னும் விரிந்தது. 1860 வாக்கில் பிரிட்டன் ஆலைகள் அரைத்த பஞ்சில் முக்கால் பங்குக்கு மேல் அமெரிக்காவிலிருந்துதான்.

இந்த இடத்தில் தானியமும் பருத்தியும் நேருக்கு நேர் மோதின. பிரிட்டனில் 1815 முதல் தானியச் சட்டம் என்று ஒன்று இருந்தது. வெளிநாட்டுக் கோதுமை மலிவாக உள்ளே வராமல் தடுத்து, உள்ளூர் நிலக்கிழார்களின் விலையைக் காப்பாற்றும் சட்டம். அதை எதிர்த்து 1838இல், பருத்தி ஆலைகளின் ஊரான மான்செஸ்டரில் ஒரு சங்கம் கிளம்பியது. ரிச்சர்ட் காப்டனும் ஜான் பிரைட்டும் அதன் முகங்கள், இருவருமே பருத்தித் தொழிலில் இருந்தவர்கள். துணி முதலாளிக்கு ரொட்டி விலையில் என்ன அக்கறை? தொழிலாளியின் கூலியில் பெரும்பங்கு ரொட்டிக்குப் போகிறது. ரொட்டி மலிந்தால் கூலியை உயர்த்தச் சொல்லும் நெருக்கடி குறையும். தங்களுக்குக் கோதுமை விற்கிற நாடு தங்கள் துணியை வாங்கும். 1846இல் சட்டம் நீங்கியது. காவிரிக் கரையில் மலிந்த நெல் செய்த வேலையை, கடல் தாண்டி வரும் கோதுமையைக் கொண்டு செய்துகொள்ள மான்செஸ்டர் நினைத்தது.

இன்னொரு வேடிக்கை. தென்னிந்தியாவில் ஆறுகளுக்கு அணை கட்டியே வாழ்நாளைக் கழித்த ஆங்கிலேயப் பொறியாளரின் பெயர் ஆர்தர் காட்டன். 1836இல் முக்கொம்பில் மேலணை வேலையைத் தொடங்கியவர், அப்புறம் கோதாவரியில் தவுளேஸ்வரம் அணை. பெயர் பருத்தி, செய்ததெல்லாம் நெல்லுக்கு.

வரி காசானபோது

மரக்காலுக்குத் திரும்புவோம். விளைச்சலில் இத்தனை பங்கு என்று தானியமாக வரி எடுத்தால், விளைச்சல் பாதியானால் வரியும் பாதியாகும். 1820களில் சென்னை மாகாணத்தில் தாமஸ் மன்றோ காலத்தில் ரயத்துவாரி முறை பரவியபோது, ஒவ்வொரு விவசாயியும் தன் நிலத்துக்கு இத்தனை ரூபாய் என்று காசாகக் கட்ட வேண்டியதாயிற்று. மழை பெய்ததா, விலை கிடைத்ததா என்பது வேறு கதை. கிஸ்தி, அதாவது வரித் தவணை, கட்டும் நாள் வந்தால் ரூபாய் வேண்டும். குலுக்கையில் கம்பு இருந்தாலும் கையில் காசில்லையென்றால் நிலம் போகும். காசு எதில் கிடைக்கும்? சந்தைக்கே போகிற பயிரில். பணப் பயிர் என்ற பெயருக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறது பாருங்கள்: பணமாகக் கேட்கிறார்கள், அதனால் விதைக்க வேண்டிய பயிர். பேராசையால் பருத்திக்குப் போனார்கள் என்று விவசாயிகளைப் பற்றி எழுதுவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். தெற்குத் துறைமுகங்கள் முற்றுகையில். மான்செஸ்டரைச் சுற்றியுள்ள லங்காஷயர் ஆலைகள் பஞ்சில்லாமல் மூடின. லிவர்பூல் சந்தை உலகமெங்கும் பஞ்சு தேடியது. நம் தெற்குச் சீமைப் பஞ்சுக்கு அந்தச் சந்தையில் 'தின்னவேலி' என்றே பெயர். (பெயரில்தான் 'தின்ன' இருந்தது.) விலை பல மடங்கு ஏறியது. பம்பாயில் பருத்திப் பணம் கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகளின் பங்குகளில் கொட்டியது. கிராமங்களில், கேட்காமலே கடன் கொடுக்க லேவாதேவிக்காரர் வாசலில் வந்து நின்றார். 1865இல் போர் முடிந்தது. பம்பாய்ப் பங்குச் சந்தை விழுந்தது, வங்கிகள் விழுந்தன, பருத்தி விலையும் இறங்கியது. கடன் மட்டும் இறங்கவில்லை.

பத்து வருஷம் கழித்து, 1875 மே 12ஆம் தேதி, புனே மாவட்டத்தில் சூபா என்ற சந்தை ஊரில் விவசாயிகள் கூடிக் கடன் கொடுத்தவர்களின் கணக்குப் புத்தகங்களையும் பத்திரங்களையும் பிடுங்கிக் கொளுத்தினார்கள். அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் அது பரவியது. பருத்தி மட்டும் காரணமில்லை. நிலவரியைக் கூட்டியது, போர்க்காலத்தில் தாராளமாக ஓடிய கடன் வறண்டது என்று எல்லாம் சேர்ந்துகொண்டன. இதே கதை எகிப்தில் ஒரு நாட்டின் அளவில் நடந்தது. ஒரு காலத்தில் ரோமுக்குக் கோதுமை அனுப்பிய நைல் கரை 1860களில் லங்காஷயருக்குப் பஞ்சு அனுப்பியது. பருத்தி வருமானத்தை நம்பி அரசு கடன் வாங்கிக் குவித்தது. 1876இல் கட்ட முடியாமல் கைவிரித்தது. 1882இல் பிரிட்டிஷ் படை உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

தாது வருஷம்

1876இல் ரயில் தூத்துக்குடியைத் தொட்டது. அதே ஆண்டு மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் கிராமத்துப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவிலும் தக்காணத்திலும் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

ரயில் வந்துவிட்டதே, தூரத்துத் தானியம் இனி வந்து சேருமே என்று தோன்றும். வந்தது, யாரிடம் காசிருந்ததோ அவரிடம். வைஸ்ராய் லிட்டன் தானிய வணிகத்தில் தலையிடக் கூடாது என்று உறுதியாக இருந்தார். நாட்டின் ஒரு பகுதி செத்துக்கொண்டிருந்தபோது 1877-78இல் இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்கு 3 லட்சம் டன்னுக்கு மேல் கோதுமை போனது. பஞ்ச நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு, பஞ்சத்தைக் கவனிக்க அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி ஒரு நாளைக்குச் சுமார் 450 கிராம் தானியமும் ஓர் அணாவும். இது போதாது என்று சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற பக்கிங்ஹாம் கால்வாய்த் துண்டு அந்தப் பஞ்சத்தில் வெட்டியது. பறக்கும் ரயிலில் போகிறவர்கள் அதைப் பார்த்துக்கொண்டேதான் போகிறார்கள்.

பஞ்சத்தில் நிலமில்லாத கூலிக்காரரோடு சேர்ந்து முதலில் விழுகிறவர் நெசவாளர். ஏன் என்று யோசித்தால் இந்தக் கட்டுரை முழுவதும் ஒரு வரியில் வந்துவிடும். நெல் விலை ஏறினால் ஊரார் முதலில் நிறுத்துவது புதுத்துணி. நெசவாளர் வாங்க வேண்டியது ஏறுகிறது, விற்க வேண்டியது இறங்குகிறது, இரண்டும் ஒரே வாரத்தில். கையில் இருக்கிற துணியைக் கொண்டுபோய் முன்பு 4 படி அரிசி வாங்கினவர் இப்போது ஒரு படிக்கு அலைவார். நாட்டில் மொத்தத் தானியம் எவ்வளவு என்பதைவிட, தன்னிடம் இருப்பதைக் கொடுத்து ஒருவரால் எவ்வளவு தானியம் பெற முடிகிறது என்பதே பஞ்சத்தைத் தீர்மானிக்கிறது என்று 1981இல் பொருளியலாளர் அமர்த்தியா சென் விரிவாக நிறுவினார். 100 கலம் நெல் என்று கல்லில் எழுதி வாங்கிய தளிச்சேரிப் பெண்டுகளுக்கு இது முன்பே புரிந்திருக்கலாம்.

குலுக்கை ஏறாத தானியம்

அப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1880களில் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் கோயம்புத்தூரிலும் நூற்பாலைகள் வந்தன. பஞ்சு கப்பலேறாமல் உள்ளூரிலேயே நூலாகத் தொடங்கியது. பழைய எடை மட்டும் போகவில்லை: இன்றும் ஆலைக்காரர்கள் பஞ்சு விலையைக் கண்டிக்கு இவ்வளவு என்றுதான் பேசுகிறார்கள், ஒரு கண்டி சுமார் 356 கிலோ. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் ரங்கூன் அரிசி நின்றது. நூறு வருஷமாகப் பருத்தி பயிரிடச் சொன்ன அதே அரசாங்கம் பருத்தி நிலத்தில் உணவுப் பயிர் போடச் சொன்னது. 1947இல் நாடு பிரிந்தபோது நல்ல பருத்தி விளையும் மேற்குப் பஞ்சாபும் சிந்துவும் அந்தப் பக்கம், ஆலைகள் பம்பாயிலும் அகமதாபாத்திலும் இந்தப் பக்கம். 1956இல் அமெரிக்காவோடு செய்துகொண்ட பி.எல். 480 என்ற உணவு உதவித் திட்ட ஒப்பந்தத்தில் கோதுமையும் இருந்தது, பருத்தியும் இருந்தது. மெஹர்கர் காலத்திலிருந்து இரண்டையும் விளைவித்த பூமிக்கு இரண்டும் கப்பலில் வந்து இறங்கின.

இப்போது கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் போனால் கரிசலில் பருத்தியையும் கம்பையும் ஓரங்கட்டிவிட்டு மக்காச்சோளம் நிற்கிறது. பருத்தி எடுக்க ஆள் கிடைக்கவில்லை, கூலி கட்டவில்லை, மருந்துச் செலவு தாங்கவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மக்காச்சோளத்துக்கும் 2018இல் படைப்புழு வந்து பாடாய்ப் படுத்தியது, ஆனாலும் விதைக்கிறார்கள். பார்த்தால் தானியம்தான். மணி இருக்கிறது, அளக்கலாம், காய வைத்தால் கெடாது. ஆனால் அறுவடையானதும் ரோட்டில் காய்ந்து, சாக்கில் ஏறி, லாரியில் கோழித் தீவன ஆலைக்குப் போகிறது. நாமக்கல்லில் முட்டை விலை என்ன, தீவனக் கம்பெனி குவிண்டாலுக்கு என்ன தருகிறது என்று செல்போனில் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அதில் ஒரு மரக்கால்கூட வீட்டுச் சமையலுக்கு ஒதுக்குவதில்லை. அரிசி ரேஷன் கடையிலிருந்து வருகிறது. குலுக்கை எங்கே என்று கேட்டால், இடம் அடைக்கிறது என்று உடைத்தாகிவிட்டது என்பார்கள்.